மழை போகும் தடத்தில் மாக்கோலம்

நூறு சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், கணக்குப்படி 5,000 லிட்டர் தண்ணீர். ஓடு குடிப்பதும் தெறித்துப் போவதும் கழித்தால்கூட 4,000 லிட்டர் முற்றத்தில் இறங்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கூரை இதைப்போலப் பல மடங்கு. வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின், நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மூலைத் தூம்பு வழியாக அண்டாவில் விழும். அண்டா நிறைந்த பிறகு முற்றத்துக் கல்லின் துளைக்குள் போகும். அங்கிருந்து கிணற்றுக்கோ, தெரு வாய்க்கால் வழியாக ஊரின் பொதுக் குளமான ஊருணிக்கோ சேரும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல். அதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே வேலையாக நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் கூரை தன் வேலையைச் செய்கிறது. ஊருணிதான் காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஏனென்றால் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதிலிருந்து அந்த வழியை யாரும் நடந்து பார்க்கவில்லை.

ஊரையும் நீரையும் கலை வழியாக மறுபடி சேர்க்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்ட் வாளியைத்தான் எடுக்கிறார்கள். ஊருணிச் சுவரில் தாமரை, மீன், ஒரு வாசகம். ஈரம் ஏறும் சுவரில் பூசிய பெயின்ட் இரண்டாவது மழைக்காலத்திலேயே கொப்புளித்து உரியும். அது உரியாமல் நின்றாலும் பயன் குறைவு என்பதுதான் என் எண்ணம். வரைந்து முடித்த மறுநாள் அந்த இடத்துக்குப் போக யாருக்கும் காரணம் இல்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கலைகள் வேறு மாதிரி. கோலம் அன்றாடம் அழியும். அய்யனாருக்கு நேரும் மண்குதிரையான புரவி ஒவ்வொரு எடுப்புத் திருவிழாவுக்கும் புதிதாகச் செய்யப்படும். முளைப்பாரி கடைசியில் தண்ணீரிலேயே கரையும். மறுபடி செய்யவேண்டியிருப்பதால் மறுபடி தண்ணீரிடம் போகவேண்டியிருக்கிறது. புரவிக்கும் முளைப்பாரிக்கும் வேண்டிய மண்ணும் வழக்கமாகப் பாசனக் குளமான கண்மாயிலிருந்துதான் வருகிறது. ஆகவே புதிதாக எதையும் இறக்குமதி செய்யாமல், இவற்றைக் கொண்டே ஒரு ஊர் தன் நீர்வழியைக் கண்டுபிடிக்க என்னென்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

தடம் பிடித்தல்

கோலத்துக்கு முன்னால் நடை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன் ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்து இடிமழை நாலைந்தாவது கொட்டும். அதில் ஒன்றைக் கோட்டை விடாமல் பிடிக்க வேண்டும். குடையோடு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஊரின் மேட்டுத் தெருவிலிருந்து தண்ணீரோடு கூடவே இறங்கி நடக்க வேண்டும். தண்ணீர் திரும்பும் இடம், தேங்கும் இடம், மண்ணுக்குள் மறையும் இடம் மூன்றையும் பக்கத்துச் சுவரிலோ கல்லிலோ குறிக்க வேண்டும். சுண்ணாம்பு, சாக்பீஸ் மழையில் நிற்காது. காவிக்கல்லை அழுத்தி உரசினால் ஈரச் சுவரிலும் பிடிக்கும்.

மழை விட்டதும் மறுநாளே பெரியவர்களிடம் போக வேண்டும். ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்தான் வரத்துக்கால். அதைப் பற்றிக் கேட்கும் விதம் முக்கியம். "வரத்துக்கால் எங்கே இருந்தது?" என்றால், "அதெல்லாம் அப்பவே தூந்துபோச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ஆச்சி, சின்னப் புள்ளையில காகிதக் கப்பல் எங்கே விடுவீங்க? அது எங்கே போய் முட்டும்?" என்று கேளுங்கள். எந்த வீட்டுத் திண்ணைக்கு எதிரே, எந்தக் கல்லுக்கு அடியில் என்பது வரை வரும். குடிதண்ணீர் ஊருணியில் குடம் முங்கி எடுத்த ஆச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும், எந்தப் படி வரை எந்த மாதத்தில் நீர் நிற்கும் என்பதும் நினைவிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிறகு மட்டம் பார்க்கவேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் டியூப் 20 மீட்டர் போதும். உள்ளே குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் இரண்டு முனையும் வேறு வேறு மட்டம் காட்டும், அன்றைய அளவை முழுதும் வீண். வெயிலில் நெடுநேரம் கிடந்த டியூபிலும் குமிழி பிறக்கும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு அளவுகோலோடு பத்துப் பத்து மீட்டராக நகர்ந்தால் தரை எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். மண் வாய்க்காலில் பத்து மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே தண்ணீர் ஓடும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பழைய சாலைமேல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு சிமென்ட் சாலையைப் போட்டால், அது 75 மீட்டர் நீள வாய்க்காலின் சரிவைத் தின்றுவிடுகிறது. பல ஊர்களில் வரத்துக்கால் தூர்ந்துபோகவே இல்லை. மேலே போட்ட சாலையும், வாய்க்கால் தரையைவிட உயரத்தில் வைத்த பாலத்துக் குழாயும்தான் தடை. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். டியூப் வைத்தால்தான் தெரியும்.

கோலம்

இப்போது காவிப் புள்ளிகளைச் சேர்த்து மாக்கோலம் இழுக்க வேண்டும். இது அலங்காரக் கோலம் அல்ல. தண்ணீர் போகவேண்டிய வழியில், அதே அளவில், தரைமேலேயே போடும் வரைபடம்.

மாவுக்குப் பச்சரிசியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, விரலில் நெருடாதபடி வெண்ணெய்போல் அரைத்து, பால்போல ஓடும் பதத்துக்குக் கரைக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் மாவு கிடைக்கும். சிறு துணியை நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியாக இழை இறங்கும்படி பிழிவது நம் பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டிய வித்தை இல்லை. நடுவீட்டுக் கோலம் போடும் கை என்றால் இழை நூல் பிடித்ததுபோல் வரும். அந்தக் கைகளை முன்னே நிறுத்தி, சிறுவர்களைப் பின்னே வரச்சொல்லலாம்.

தரைதான் படுத்தும். மண் தரையை முந்தின மாலை சாணம் போட்டு மெழுகிவிட வேண்டும், இல்லையென்றால் இழை ஊறிக் கலங்கிப்போகும். சிமென்ட் சாலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போட வேண்டும். காலை எட்டு மணிக்குமேல் சூடேறிய சிமென்டில் மாவு சட்டென்று காய்ந்து சருகாக எழும்பிவிடும். தார்ச் சாலையில் சரியாக ஒட்டாது. அங்கே இழையை ஓரத்துக்குக் கொண்டுபோய், சாலையைத் தாண்டும் இடத்தில் மட்டும் கல் வைத்துக் குறிக்கலாம். கடைக் கோலப்பொடியும் வண்ணப்பொடியும் வேண்டாம். கல்மாவும் சாயமும் அடுத்த மழையில் நேரே ஊருணிக்குள் போகும். அரிசிமாவை எறும்பு தின்னும். ஆனால் குடிநீர் ஊருணி என்றால் அரிசிமாக் கோலமும் படித்துறைக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். மாவு தண்ணீரில் இறங்கிப் புளித்தால் நாற்றமெடுக்கும்.

ஓர் இலக்கணம் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு சதுரம்: அது முற்றம். அதிலிருந்து ஓர் இழை. இரண்டு வீட்டுத் தண்ணீர் சேரும் இடத்தில் இரண்டு இழை இணையாகப் போகும். தெரு முழுதும் சேர்ந்த பிறகு இழைகளைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒரு தெருவுக்கு ஓர் இழை என்று சுருக்கிக்கொள்ளலாம். ஏழு இழைக்குமேல் போட்டால் கை வலிக்கும், பார்வைக்கும் குழம்பும். ஊருணிக்கு வெளியே எல்லா இழையும் சேர்ந்து ஒரு பெரிய படிக்கோலமாக விரியட்டும். தண்ணீர் அறுபடும் இடத்தில் மாவை நிறுத்திவிட்டு, காவியைக் கரைத்து ஒரு பட்டை. கோலத்துக்குக் காவி இடுவது மங்கலம். இங்கே அதே காவி "இங்கே நிற்கிறது" என்று சொல்லும்.

இதைச் செய்யும்போது நடக்கும் ஒன்றுக்காகவே இத்தனை பாடும் தகும். கோலம் போட்டுக்கொண்டே வரும் பெண்ணின் கை, புதிய சாலையின் விளிம்பில் வந்து முட்டும். இழை மேட்டில் ஏற முடியாமல் மாவு அவள் பக்கமே திரும்பி வழியும். டியூபில் எண்ணாகப் பார்த்தது அங்கே ஊரே பார்க்கும்படி ஓடிக் காட்டும். பஞ்சாயத்துக் கூட்டத்தில் பத்து மனு செய்யாததை அந்தக் காவிப் பட்டை செய்யும், ஏனென்றால் அதைத் தாண்டித்தான் எல்லாரும் பால் வாங்கப் போகவேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தண்ணீருக்குத் தெரு வித்தியாசம் தெரியாது, ஊருக்குத் தெரியும். சில ஊருணிகளில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்ற பழைய ஏற்பாடுகளின் வடு இன்னும் ஆறவில்லை. கோலத்தைக் கோயில் வாசலிலோ பெரிய வீட்டு வாசலிலோ தொடங்கினால் அந்த வடு உடனே தெரியும், பாதித் தெரு வராது. மட்டம் பார்த்ததில் எந்தத் தெரு உயரமோ அந்தத் தெருவில் தொடங்குவது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். டியூப் சொன்ன முடிவு என்றால் எதிர்ப்பதும் கடினம்.

கண்மாய் மண்

புரவி எடுப்பு சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில்களின் பெருவிழா. அய்யனார் பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான் இருப்பார், கரைக்குக் காவல். ஊரார் சடங்காக ஒரு பிடி மண், அதாவது பிடிமண், கொடுத்தால்தான் மண்ணுருவம் செய்யும் வேளார் வேலையைத் தொடங்குவார். இதை யாரும் 'கலைத் திட்டம்' ஆக்கத் தேவையில்லை, ஆக்கவும் கூடாது. அது நேர்த்திக்கடன், அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே வேளாரைக் கேட்டு, அதே மண்ணில், பிள்ளைகளும் பெரியவர்களும் கண்மாயில் வாழ்பவற்றைச் செய்யலாம்: நாரை, ஆமை, விரால், தவளை, நீர்க்கோழி. தங்கள் கண்மாயில் என்னென்ன வருகிறது என்று பட்டியல் போடும்போதே பாதி வேலை நடந்துவிடும். வேளாருக்குக் கூலி முதலிலேயே பேசிக் கொடுத்துவிட வேண்டும். 'சேவை' என்று அழைத்து அவர் கையை இலவசமாக வாங்குவது அநியாயம்.

மண் எடுக்க வருவாய்த் துறை அனுமதி வேண்டும். பங்குனிக்குப் பிறகு, கண்மாயின் உட்பரப்பான உள்வாய் காய்ந்ததும், கரையின் அடியை விட்டு நன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால் அடுத்த நிறைவில் கரை கசியும். மேல் ஒரு சாண் வேரும் சருகுமாக இருக்கும், அதை ஒதுக்குங்கள். அதன் கீழ் உள்ள கருத்த வண்டலான கரம்பையும் களியும்தான் வேண்டும். மண்ணின் நிறம் செம்மைக்கு மாறி, சரளை தட்டுப்பட்டால் உடனே நிறுத்துங்கள். இது செம்பூராங்கல் பூமி. அதன்மேல் காலங்காலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்கி நிற்கும் பாய். ஆழமாகத் தூர்வாரினோம் என்று எந்திரத்தால் அந்தப் பாயைக் கிழித்துவிட்டு, மழை பெய்தும் தண்ணீர் நிற்கவில்லையே என்று வருந்தும் ஊர்கள் உண்டு. குளத்துக்குத் தூர்வாருவது வேறு, அடியை உடைப்பது வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இந்த ஒரு குழியே போதும்.

எடுத்த மண்ணை உலர்த்தி, தட்டி, சலிக்க வேண்டும். நத்தை ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. சூளையில் ஓடு வெந்து சுண்ணாம்பாகும். ஆறிய பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கி, வாரம் பத்து நாள் கழித்து நாரையின் முதுகில் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். சூளை சரியில்லை என்று வேளாரைக் குறை சொல்வார்கள். குற்றம் சலிப்பில் இருக்கும்.

எவ்வளவு மணல் சேர்ப்பது என்பதை இப்படிப் பார்க்கலாம். பிசைந்த மண்ணைப் பலகைபோல் தட்டி, அதன்மேல் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு கீறி நிழலில் காயவைக்க வேண்டும். காய்ந்த பின் கோடு ஒன்பதுக்குக் கீழே சுருங்கியிருந்தால் மணலும் உமியும் இன்னும் வேண்டும். சுருக்கம் சரி, ஆனால் சுண்டுவிரல் கனத்தில் உருட்டி வளைத்தால் வெடிக்கிறது என்றால் மணல் அதிகம். பெரிய உருவங்கள் உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும், சுவர் எங்கும் ஒரே கனம், வயிற்றில் ஆவி போக ஒரு துளை. கால் கனமாகவும் கழுத்து மெல்லியதாகவும் இருந்தால், காயும்போதே சேரும் இடத்தில் விரிசல் விடும். நிழலில் இரண்டு வாரம், பிறகு ஒரு நாள் வெயில். சுள்ளி, வறட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே மண் பூசிய சூளையில் முதல் சில மணி நேரம் மந்தமான புகைதான் வர வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும்.

செய்து முடித்ததைக் கரையில் எங்கே வைப்பது? மிகுந்த நீர் வெளியே வழியும் கலுங்குக்கு அருகே, நிறைமட்டத்தில். மறுகால் போகும் வருஷம் ஆமையின் காலை நீர் தொடும்.

முளைப்பாரியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லா ஊரிலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கரம்பையை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்க் கண்மாயை விட்டு நர்சரியில் மூட்டை மண் வாங்கும் வழக்கம் வந்துவிட்டது. அடியில் வைக்கோல், அதன்மேல் கரம்பையும் காய்ந்த எருவும், இரவு ஊறிய பயறுகள், காற்று வரும் ஆனால் வெளிச்சம் வராத அறை, காலையும் மாலையும் கைத்தெளிப்பு, ஏழு முதல் ஒன்பது நாள். வெளிச்சம் ஒரு பக்கம் கசிந்தால் பயிர் அந்தப் பக்கம் சாய்ந்து பச்சை ஏறும். நீர் மிஞ்சினால் அடி அழுகி வாடை வரும். கரைக்கும் முன் ஜரிகை, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூவை எல்லாம் கரையிலேயே கழற்றிவிட ஒரு கூடையும் ஓர் ஆளும் நிறுத்துங்கள். அந்த ஒரு ஏற்பாடுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

படிக்கு ஒரு பூக்கல்

அழியும் கலைகளைப் பற்றியே பேசிவிட்டு நிலையான ஒன்றையும் சொல்கிறேன், அது தினமும் வேலை கேட்கும் என்பதால். ஊருணிப் படித்துறையின் பக்கச் சுவரில், ஒவ்வொரு படிக்கும் நேராக ஓர் ஆத்தங்குடிப் பூக்கல், அதாவது வண்ணச் சிமென்டில் வார்த்த பதிகல். மேற்படிக்கு ஒன்று என்று எண் தொடங்கி, கீழே போகப்போக எண் கூட வேண்டும்.

பூக்கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்துத்தான் செய்கிறார்கள். தகர அச்சின் அறைகளில் வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். எண்ணை அச்சில் இடவலம் திருப்பி வெட்டச் சொல்ல வேண்டும். மறந்தால் கல் முழுதும் கண்ணாடியில் பார்த்த எழுத்தாக வந்து நிற்கும். நிறத்துக்குச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்சைடுகளே போதும், அவை சிமென்டில் மாறாது. தண்ணீர் என்றால் நீலம் வேண்டுமே என்று ஆசைப்பட்டுச் சாதாரண நீலத்தைக் கலந்தால் சிமென்டின் காரத்தில் நாளடைவில் வெளுத்துவிடும்.

பதிப்பது கோடையில், நீர் அடியில் இருக்கும்போது. செம்பூராங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சும், அதனால் முந்தின இரவே சுவரை நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த கல்லில் பதித்தால் கலவையின் ஈரத்தைக் கல் குடித்துவிட்டு, ஆறு மாதத்தில் பூக்கல் தட்டினால் 'டொக்' என்று பொள்ளல் சத்தம் தரும். பதித்த பின் ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு வைக்கவேண்டும். பழைய படிக்கல்லை எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள்.

இனி கணக்கு. நாற்பது மீட்டர்ச் சதுர ஊருணி என்று வைத்துக்கொள்வோம், 1,600 சதுர மீட்டர். படி ஒன்று 15 சென்டிமீட்டர் உயரம். ஒரு படித் தண்ணீர் 2,40,000 லிட்டர். ஐந்து லிட்டர் வீதம் 200 பேர் குடிக்க ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் போதும். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், சூரியன் அதே நாளில் எடுத்துக்கொள்வது 8,000 லிட்டர். மாதத்துக்கு ஒரு படி சூரியனுக்கு. கரையைச் சுற்றி மரம் வைத்த பெரியவர்கள் எதற்காக வைத்தார்கள் என்பதை இந்த எண் சொல்லும். சீமைக்கருவேலம் அந்த மரம் அல்ல.

தமிழ் மாதம் முதல் தேதி, எந்தப் பூக்கல் வரை நீர் நிற்கிறது என்று ஒரு பள்ளிப் பிள்ளை போய்ப் பார்த்து, பிள்ளையார் கோயில் சுவரில் காவியால் எழுதட்டும். பக்கத்தில் ஆச்சி சொன்ன பழைய படியையும் எழுதுங்கள். மழையில்லாத மாதத்தில் ஒரு படி இறங்கினால் அது வெயில் கணக்கு. இரண்டு படி இறங்கினால் யாரோ எடுக்கிறார்கள், அல்லது ஊருணி கசிகிறது. எடுக்கிறார்களா என்பதை இரவு பத்து மணிக்குமேல் கரையில் நின்று மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தால் தெரியும். கசிகிறதா என்று பார்க்க, கரையின் வெளிப்புறம் சுற்றி வாருங்கள். சித்திரையிலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நிற்கும்.